வெறும் மணல்

மார்ச் 4

அரவைக்காரருக்கு இன்றும் காய்ச்சல். அரவையை நானே பார்த்தேன். எழுபத்தொரு வயதில் இது எனக்கு வேண்டாத வேலை. ஆனால் ஆய்வகத்தில் யாரிடமும் "முடியாது" என்று சொல்ல இதுவரை எனக்கு வாய் வந்ததில்லை.

முதலில் ஒரு நகைப் பட்டறையின் தூசி. தரையைப் பெருக்கி, எரித்து, சாம்பலாக்கி அனுப்பியிருந்தார்கள். அதில் எவ்வளவு தங்கம் கலந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். பட்டறைத் தூசிக்கென்று வைத்திருக்கும் கிண்ணம் விரிசல் விட்டுக் கிடக்கிறது. கல் அரைக்கும் கிண்ணத்திலேயே போட்டேன். பிறகு சுரங்கக் கம்பெனி அனுப்பிய பன்னிரண்டு பை கல். சீட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, தங்கை குடியிருக்கும் மலை. மேலாளரிடம் இதைச் சொல்ல வேண்டுமோ? அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒவ்வொரு பையையும் உடைத்து, பிரிப்புப் பெட்டியில் கொட்டி, இரண்டு பாதியாக்க வேண்டும். ஒரு பாதி கிடங்குக்கு; மறு பாதி எஃகுக் கிண்ணத்துக்கு. உள்ளே கனத்த வளையங்கள் சுழல்கின்றன. நான்கு நிமிடத்தில் கல் மாவாகிவிடுகிறது, விரலிடுக்கில் வைத்தால் இருப்பதே தெரியாத மாவு. அந்தச் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. கேட்டுக்கொண்டே இருந்தால் ஆளைக் கரைத்துவிடும். கண் திறந்தபடியே கனவு கண்டேன் போல. மலை முழுவதும் ஒரு சல்லடை வழியாக மெல்ல இறங்கித் தரையோடு தரையாகப் பரவுகிறது. அந்தச் சமதரையில் தங்கை கைத்தடி இல்லாமல் நடந்து வருகிறாள். கால் மண்ணில் பதியவே இல்லை.

விழித்தபோது பன்னிரண்டாவது பையும் முடிந்திருந்தது. பதிவேட்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. ஒழுங்காகத்தான் செய்திருக்கிறேன்.

மார்ச் 6

உலை. உலைக்காரருக்கு ஆய்வகத்தில் 'வானொலி' என்று பெயர். காலையில் திறந்தால் மாலை வரை நிலையம் மூடாது. அவர் பேசப் பேச, முப்பது முப்பது கிராம் கல்மாவைக் களிமண் மூசைகளில் நிறுத்துப் போட்டேன். மிருதாரசிங்கி, வெண்காரம், சலவைச் சோடா, கடைசியாக ஒரு கரண்டி மைதா. இத்தனை வருடம் ஆகியும் மைதா போடும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அது கரியாகி, மிருதாரசிங்கியை ஈயமாக்குகிறது. உருகிய ஈயம் கல்லுக்குள் ஒளிந்திருக்கும் தங்கத்தையும் வெள்ளியையும் தேடிப் பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்காருகிறது. கல் மேலே கண்ணாடியாக மிதக்கிறது.

மதியம் அந்த ஈயக் கட்டிகளைச் சாம்பல் கிண்ணங்களில் வைத்து மறுபடி உலைக்குள். கிண்ணம் ஈயத்தைக் குடிக்கும், தங்கத்தைக் குடிக்காது. கடைசிச் சொட்டு ஈயமும் வற்றும் கணத்தில், மிஞ்சிய உலோக மணி ஒரு முறை மின்னி அடங்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் உலைக் கதவின் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறேன். இன்று பன்னிரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக மின்னின. தூரத்துக் கரையில் யாரோ ஒவ்வொரு வீடாக விளக்கேற்றிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

"பெரியவரே, உள்ள படமா ஓடுது? நகருங்க, நானும் பாக்கறேன்," என்றார் வானொலி.

மார்ச் 7

மணிகளை அமிலத்தில் இட்டேன். நாம் துணைக்குச் சேர்த்த வெள்ளி கரைந்து போயிற்று. அடியில் கறுப்புத் துகள்கள் மிஞ்சின. சூடாக்கியதும் மஞ்சளாயின. தங்கம்! முதல் பையில் டன்னுக்கு எட்டு கிராம். மற்றவற்றிலும் கூடக்குறைய இருக்கிறது. ஒரு துகளைத் தராசில் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன், விட்டால் பறந்துவிடும்.

மேலாளருக்கு நம்பிக்கை வரவில்லை. அதே மாவை மறுபடி சோதிக்கச் சொன்னார். ஒத்துப்போயிற்று. ஏற்கெனவே அரைத்து வைத்த தங்கமில்லாப் பொடி ஒன்றையும் கூடவே உலையில் வைத்தோம், உலை சுத்தமா என்று பார்க்க. அதுவும் சுத்தம்.

கையெழுத்திட்டேன்.

மார்ச் 8

அறிக்கையின் நகலை எடுத்து மூன்று முறை படித்தேன். சந்தோஷத்தில்தானே?

ஏப்ரல் 2

தங்கை ஃபோன் செய்தாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை நான்தான் கூப்பிடுவேன்; மருந்து சாப்பிட்டாயா, முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இன்று அவளே கூப்பிட்டாள்.

"அண்ணா, எங்க மலையில தங்கமாமே! உனக்குத் தெரியுமா?"

"ம்."

"ம்-ஆ? தெரிஞ்சும் வாயத் தொறக்கல பாத்தியா! உன் வயித்துல என்னதான் நிக்காது, கல்லக் கூடச் செரிச்சிடுவ."

துளைபோடும் இயந்திரத்தை மேலே கொண்டுபோகப் பாதையை அகலப்படுத்த வேண்டுமாம். படிக்கட்டின் இருபுறமும் இருக்கும் பதினான்கு வீடுகளையும் எடுத்துக்கொண்டு, கீழே பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சமதரையில் கம்பெனியே புது வீடு கட்டிக் கொடுக்கப் போகிறதாம். அவள் வீடு கடைசி. நூற்று எண்பத்தெட்டுப் படி. அவள் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. முழங்கால் போனபின் மாதம் ஒரு முறைதான் கீழே இறங்குகிறாள்.

"படியே இல்லாத வீடுண்ணா," என்றாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையின் குரல் அது.

ஏப்ரல் 15

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஏறும்போது நான்கு இடத்தில் நின்றேன். இந்தப் படிகளையா இவள் ஆறு வருடமாக!

கம்பெனிக்காரர் வந்து வீட்டை அளந்துகொண்டு போயிருக்கிறார். அவர் போனதும் இவள் சுண்ணக்கட்டியை எடுத்து, கூடத்துத் தரையில் புது வீட்டின் வரைபடத்தைப் போட்டுவிட்டாள். வாசல், அடுப்படி, குளியலறை. என்னைக் கோட்டை மிதிக்க விடவில்லை.

"சுவரு மேல நடக்கறியே! கதவு வழியா வா."

வந்தேன்.

"இதான் உன் நாற்காலி. வந்தா இங்க உக்காரு. இங்கேருந்து பஸ் தெரியும்."

உட்கார்ந்தேன். ஜன்னல் என்று அவள் வரைந்திருந்த இரண்டு கோடுகளின் வழியாகப் பேருந்து தெரிகிறதா என்று நிஜமாகவே பார்த்தேன். தெரிந்ததுபோலவும் இருந்தது. காற்று எங்கிருந்தோ வந்து சுண்ணத்தூளைக் கொஞ்சம் நகர்த்தியது. அறுபத்தாறு வயதில் அவள் சிரிக்கும்போது இடது கன்னத்தில் குழி விழுகிறது. மறந்தே போயிருந்தேன்.

மே 6

கம்பெனியின் நிலவியலாளர் ஆய்வகத்துக்கு வந்தார். மேசையில் மலையின் வரைபடத்தை விரித்தார். நம் முடிவுகளை வைத்துத் தங்கம் ஓடும் வழியை மஞ்சளில் வரைந்திருந்தார். அடிவாரத்தில் தொடங்கி, உச்சிக்குப் போய், பின்பக்கம் இறங்கி, திரும்பி வந்து தன்னையே சுற்றிக்கொள்கிறது. தூங்கும் பாம்பு மாதிரி அழகாக இருந்தது.

"இப்படி ஒரு வளைவ நான் எங்கயும் பாத்ததில்ல சார்," என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

நானும் பார்த்ததில்லை. அதுதான் உறுத்தியது.

அவர் போனபின் என் பழைய நோட்டை எடுத்தேன். அறிக்கையில் மாதிரிகள் இட எண் வரிசையில் இருக்கும். என் நோட்டில் நான் அரைத்த வரிசையில் இருக்கும், கைப்பழக்கம். அந்த வரிசையில் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

8.2, 5.1, 3.4, 2.0, 1.3, 0.8, 0.5, 0.3, 0.2, 0.1, சுவடு, சுவடு.

மலைக்கு எப்படித் தெரியும், எந்தப் பையை நான் முதலில் அரைப்பேன் என்று?

மே 7

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன். தங்கம் மிருதுவானது, கல்லைப்போல் பொடியாகாது. கிண்ணத்தின் சுவரில், வளையத்தின் விளிம்பில் இழைந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் கல் அதைக் கொஞ்சம் சுரண்டி எடுக்கும், அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். அதனால்தான் ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் வெறும் மணலை ஒரு முறை அரைத்துக் கொட்ட வேண்டும். பட்டறைத் தூசிக்குப் பிறகு மூன்று முறை.

மறுசோதனை ஒத்துப்போனதில் ஆச்சரியமில்லை. அதே மாவுதானே. உலையில் வைத்த சுத்தப் பொடிக்கும் அரவைக் கிண்ணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆனால் பதிவேட்டின் மணல் கட்டங்களில் டிக் இருக்கிறதே! பதினைந்து டிக். என் கை போட்டது.

மே 8

பதிவேட்டைப் பார்த்தேன். பதினைந்தும் ஒரே சீராக, ஒரே மையில், அச்சடித்ததுபோல் இருக்கின்றன. அரவை இயந்திரத்தைப் பிடித்தபின் என் கை அரை மணி நேரம் நடுங்கும், டிக் கோணலாகிவிடும். பக்கம் அசிங்கமாகக் கூடாதே என்று, வருடக்கணக்காக, காலையிலேயே எல்லாவற்றையும் போட்டுவிடுகிறேன். போட்டபின் செய்துவிடுவேன். எப்போதும் செய்துவிடுவேன்.

மணல் மூட்டையின் எடையையும் நான்தான் எழுதி வைக்கிறேன். மார்ச் மூன்று மாலை: 18.6 கிலோ. மார்ச் ஐந்து காலை: 18.6 கிலோ. இடையில் அரைத்தவன் நான் ஒருவனே. பதினைந்து முறைக்கு மூன்று கிலோ குறைந்திருக்க வேண்டும். இரண்டு எண்ணையும் ஒன்றின்கீழ் ஒன்றாக நான்தான் எழுதியிருக்கிறேன். எழுதினேன், படிக்கவில்லை.

இந்த நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். மலை தரையாவதைப் பற்றி எழுதியிருக்கிறேன். மணலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மே 9

சும்மா இருந்துவிட்டால் என்ன? துளை போட்டுப் பார்க்கத்தானே போகிறார்கள். அதற்குள் வீடு எழும்பிவிடும். கம்பெனிக்கு ஒரு மலை போனால் இன்னொரு மலை. அவளுக்கு?

மே 10

தங்கை ஃபோன். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது நல்லதா, உட்பக்கமா என்று கேட்டாள். வெளிப்பக்கம் என்றேன். அடப்பாவி, ஏன்டா சொன்ன என்று என்னையே திட்டிக்கொண்டேன். எந்தக் கதவு?

மே 11

ஒன்றுமில்லை.

மே 12

மேலாளர் அறை வாசல் வரை போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "டீ குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மே 13

சொல்லிவிட்டேன். நோட்டு, பதிவேடு, மணல் எடை மூன்றையும் மேசையில் வைத்தேன். பிறகு தங்கையைப் பற்றியும் சொன்னேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எனக்கு மகள் இருந்தால் அவர் வயதுதான் இருக்கும்.

"உங்க தங்கச்சி அந்த மலையிலயா இருக்காங்க? இத ஏன் சார் முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கல..."

"கேக்கலன்னா சொல்ல மாட்டீங்களா? இப்ப கம்பெனிக்காரன் என்ன சொல்லுவான்? தங்கச்சி வீட்டக் காப்பாத்த அண்ணன் தங்கத்த மறைக்கிறாருன்னு சொல்லுவான்."

"அவளுக்கு அந்த வீடு போகணும் மேடம். கீழ புது வீடு தராங்க. அதுக்குத்தான் ஏங்கிக்கிட்டு இருக்கா."

மேலாளர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப எதுக்கு சார் வந்து சொல்றீங்க?"

ஏதாவது பெரிதாகச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்:

"மணல் குறையலையே மேடம்."

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மே 14

கிடங்கிலிருந்து பன்னிரண்டு பைகளின் மறு பாதியையும் எடுத்தாயிற்று. மேலாளரே புது எண் போட்டு வரிசையைக் கலைத்துவிட்டார். எது எந்த இடத்துக் கல் என்று எனக்குத் தெரியாது. தங்கத்தின் அளவு ஏற்கெனவே தெரிந்த இரண்டு மாதிரிகளையும் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறாராம், என் கையைச் சோதிக்க. கோபம் வரவில்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது. அரவைக்காரர் அரைத்தார், ஒவ்வொரு முறையும் மணல் கொட்டும்போது பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணினேன்.

மே 16

பதினான்கு மணியும் மின்னின. வெள்ளி சேர்த்தாலே மின்னும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வானொலி இன்று எனக்காக உலைத் துளையை விட்டு ஒதுங்கி நின்றார். விஷயம் பரவிவிட்டது போல.

மே 17

அமிலம். பதினான்கு கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக. மணிகள் குமிழி விட்டன, சிறுத்தன. ஒரு மூடுபனி விலகுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கறுப்புத் துகளாவது மிஞ்சட்டும் என்று மனம் வேண்டியது. மறைக்காமல் எழுதுகிறேன்: வேண்டியது.

ஐந்தாவதிலும் பதினொன்றாவதிலும் மிஞ்சியது. மற்றப் பன்னிரண்டிலும் தெளிந்த நீர். குப்பியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

மேலாளர் தன் சீட்டைப் பிரித்தார். ஐந்தும் பதினொன்றும் அவர் ஒளித்து வைத்தவை.

"உங்க கை சரியா இருக்கு சார்," என்றார்.

இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன். இன்றைக்குத்தானா கிடைக்க வேண்டும்?

மே 19

திருத்திய அறிக்கையில் கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் என் பிழையை நானே எழுதினேன். வேலையை விட்டு அனுப்பவில்லை. இனி டிக் போடுவது அரைப்பவர் அல்ல, பக்கத்தில் நிற்பவர். புது விதி. சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

மே 24

ஃபோனில் சொல்லக் கூடாது என்று நேரில் போனேன். கம்பெனி ஆட்கள் முந்திவிட்டார்கள். அவளுக்குத் தெரிந்திருந்தது. யார் தப்பு என்பது மட்டும் தெரியவில்லை. அதைச் சொல்லத்தானே போனேன், சொன்னேன்.

தரையில் சுண்ணக்கோடு அப்படியே இருந்தது. குளியலறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீயா?"

"நான்தாம்மா."

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சின்ன வயசுலேருந்து என் உசுர வாங்குவியே. இப்ப என்னையத் தூக்கி ஆத்துல போட்டுட்ட. அளந்துதான் போட்டியா?"

"இல்ல. அளக்காமப் போட்டதுதான் தப்பு. பின்னால அளந்தேன்."

"சும்மா இருந்திருக்கலாம்ல? யாருக்குத் தெரியும்?"

"நானும் நெனச்சேன். நாலு நாள் நெனச்சேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நாலு நாளுக்காகக் கொஞ்சம் மன்னித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து, தடியை ஊன்றி, காலால் ஒரு கோட்டைத் தேய்த்தாள். வாசல்.

"உன் வீட்ல பின்பக்கம் ஒரு ரூம் இருக்கே. அதுல என்ன வச்சிருக்க?"

"கல்லு. பழைய மாதிரிங்க."

"கல்லுக்கு ஒரு ரூம். கூடப் பொறந்தவளுக்கு வாரம் ஒரு ஃபோன்."

தண்ணீர் மட்டும் கொடுத்தாள். நூற்று எண்பத்தெட்டு. இறங்கும்போதும் அதேதான்.

மே 25

என் வீடு சமதரையில் இருக்கிறது. வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் நாற்பது அடி.

ஆறு வருடம். ஆறு வருடம் என்ன செய்துகொண்டிருந்தேன்? கூப்பிட்டால் சிரிப்பாளோ, அவள் வந்தால் என் ஒழுங்கு கலையுமோ, ஒருவேளை வர மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ. இப்படி. அவளுக்கு ஒரு சமதரை வேண்டும் என்று தெரிந்திருந்தது. அதை ஒரு கம்பெனி கொடுக்கட்டும் என்று மலையை அரைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 1

ஞாயிறு. கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 8

எடுக்கவில்லை.

ஜூன் 12

பின்னறையைத் திறந்தேன். முப்பத்தொரு வருடத்து மாதிரிகள், இருநூற்றுப் பதினாலு பெட்டி. ஒவ்வொன்றிலும் சீட்டு, என் கையெழுத்து. என் முடிவு தப்பு என்று யாராவது வந்து சொன்னால் காட்டுவதற்காக வைத்திருந்தேன். யாரும் வரவில்லை.

வானொலி ஒரு தள்ளுவண்டியோடு வந்தார்.

"பெரியவரே, இதுல ஒண்ணாவது தங்கமா?"

"இல்ல."

"அப்ப யாருக்குப் பயந்து இவ்வளவு பெரிய பூட்டு?"

முதல் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தேன். மூன்று நடையில் எல்லாம் போயிற்று. தெருக்கோடியில் பள்ளம் நிரப்புகிறார்களாம், அங்கே கொட்டினோம். வெயிலில் கல்லின் முகங்கள் ஒவ்வொன்றாக மினுங்கின. அபிரகம்தான், வெறும் மைக்கா.

காலி அறையில் நின்று இருமினேன். இருமல் திரும்பி வந்தது.

ஜூன் 15

எடுத்தாள்.

சொல்ல வேண்டியதை எல்லாம் தாளில் எழுதி வைத்திருந்தேன். குரலைக் கேட்டதும் தாளில் ஓர் எழுத்தும் தெரியவில்லை.

"அந்த ரூமக் காலி பண்ணிட்டேன்," என்றேன்.

"எதுக்கு?"

எதற்கு என்று சொல்ல எனக்கு நெடுநேரம் ஆயிற்று. அவள் வைத்துவிடவில்லை. அவளுடைய ஜன்னலுக்கு வெளியே காற்று போவது கேட்டது. மலைக்காற்று. அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். காத்திருப்பது நானா அவளா என்றே தெரியாமல் போயிற்று.

"உனக்கு. நீ வரணும்மா. நான் முன்னாடியே கேட்டிருக்கணும்."

"ம்." அப்புறம், "அளந்தியா? என் கட்டில் ஆறடி."

"பத்துக்குப் பதினொண்ணு. அளந்துட்டேன்."

"ஒரு தடவையா?"

"மூணு தடவை."

ஜூலை 3

காலையில் வாசலை அளந்தேன். தெருவிலிருந்து வீட்டுக்குள் வரப் படி: ஒன்று. உயரம் பதினோரு சென்டிமீட்டர். தங்கை வந்து ஒன்பது நாளாகிறது, அதற்குள் அது ஆகாது என்று சொல்லிவிட்டாள். இடித்துச் சரிவாக்க வேண்டுமாம். கொத்தனார் சனிக்கிழமை வருகிறார். ஒரு மூட்டை மணல் வாங்கி வைக்கச் சொன்னார். வாங்கிவிட்டேன். எடை போடப் போனேன். "அது வெறும் மணல்ணா, விடு," என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். விட்டுவிட்டேன்.